அதிர்வெண் பகுப்பாய்வின் வரலாறு: இசைக்கவையிலிருந்து சுருதிச் செயலி வரை

இசைக்கருவி ஒன்றின் கம்பியை மீட்டியவுடன் அது எந்தச் சுரத்தில் ஒலிக்கிறது, சரியான இடத்திலிருந்து எவ்வளவு ஏறியோ இறங்கியோ இருக்கிறது என்பதைக் கைப்பேசித் திரையில் காட்டும் மென்பொருள் இக்கட்டுரையில் சுருதிச் செயலி எனக் குறிக்கப்படுகிறது. ஒலிவாங்கி பெறும் ஒலி அலையிலிருந்து அதன் அதிர்வெண்ணைக் கண்டறிவதே இதன் அடிப்படை வேலை. ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையே அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ்.

இன்று கணினி நிரலாக்கம் கற்கும் மாணவர் பலர் பயிற்சிக்காக இத்தகைய செயலியை எழுதிப் பார்க்கின்றனர். அவர்கள் மூன்று கேள்விகளைச் சந்திக்கின்றனர். அதிர்வுகளை எப்படி எண்ணுவது? கலந்து ஒலிக்கும் அதிர்வுகளை எப்படிப் பிரிப்பது? பிரித்தவற்றுள் எதைச் சுரம் என்று கொள்வது? ஒலியியல் அறிஞர்களும் சுமார் 300 ஆண்டுகளாக ஏறத்தாழ இதே வரிசையில்தான் இக்கேள்விகளை எதிர்கொண்டனர். ஆகவே சுருதிச் செயலியின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள இவ்வரலாறு நல்ல வழியாகும்.

எண்ணத் தொடங்கிய காலம்

இசைக்கும் எண்ணுக்கும் உள்ள தொடர்பைக் கண்டவராகக் கிரேக்க அறிஞர் பிதாகரஸ் போற்றப்படுகிறார். ஒரே இழுவிசையில் உள்ள கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் சுரம் ஒரு ஸ்தாயி உயரும். இது உண்மை. ஆனால் அவர் பெயரால் வழங்கும் மற்றொரு கதை தவறானது. கம்பியில் தொங்கும் எடையை இரு மடங்காக்கினாலும் சுரம் ஒரு ஸ்தாயி உயரும் என்று அக்கதை கூறியது. பல நூற்றாண்டுகள் இதை யாரும் சோதித்துப் பார்க்காமல் நூல்களில் எழுதி வந்தனர். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய இசைக்கலைஞரும் கலிலியோவின் தந்தையுமான வின்சென்சோ கலிலி இதைச் சோதித்தார். ஒரு ஸ்தாயி உயர எடையை நான்கு மடங்காக்க வேண்டும் என்று கண்டார்.

பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் 1636இல் வெளியிட்ட நூலில் கம்பி அதிர்வின் விதிகளைத் தொகுத்தார். அதிர்வெண் கம்பியின் நீளத்துக்கு எதிர்விகிதத்திலும், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்திலும், ஓரலகு நீளத்தின் நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்திலும் அமையும். நம் பள்ளிப் பாடநூல்களில் உள்ள விதிகளும் இவையே. அதிர்வைக் கண்ணால் எண்ணுவதற்காக அவர் மிக நீண்ட கம்பிகளைப் பயன்படுத்தினார். நீண்ட கம்பி மெதுவாக அசையும். அதை எண்ணி, விதியைக் கொண்டு குறுகிய கம்பியின் அதிர்வெண்ணைக் கணக்கிட்டார்.

இசைக்கவையும் விம்மல்களும்

1711இல் ஆங்கிலேய இசைக்கலைஞர் ஜான் ஷோர் இசைக்கவையைக் கண்டுபிடித்தார். இரு கிளைகளுள்ள இந்த எஃகுக் கவை, தட்டும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே சுரத்தை ஒலித்தது. அதனால் ஓர் ஊரின் சுருதியை மற்றோர் ஊருக்கு எடுத்துச் செல்ல முடிந்தது. எனினும் அக்கவை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதைக் கவையே சொல்லாது.

அதற்கான வழியைச் சில ஆண்டுகளுக்கு முன்பே பிரெஞ்சு அறிஞர் ஜோசப் சோவேர் காட்டியிருந்தார். ஒலியியல் என்ற துறைக்குப் பிரெஞ்சு மொழியில் பெயர் சூட்டியவர் இவரே. இவருக்குப் பேச்சிலும் கேள்வியிலும் குறைபாடு இருந்தது. சுரங்களை ஒப்பிட இசைக்கலைஞர்களின் துணையை நாடினார். அவர் கையாண்டது விம்மல் முறை. அதிர்வெண்ணில் சிறிதளவே வேறுபடும் இரு ஒலிகள் சேர்ந்து ஒலித்தால், ஒலியின் உரப்பு கூடிக் குறைந்து விம்முவது போலக் கேட்கும். ஒரு நொடியில் கேட்கும் விம்மல்களின் எண்ணிக்கை, இரு அதிர்வெண்களின் வேறுபாட்டுக்குச் சமம். எடுத்துக்காட்டாக, 24க்கு 25 என்ற விகிதத்தில் அமைந்த இரு குழல்கள் நொடிக்கு 4 விம்மல்களைத் தந்தால், அவற்றின் அதிர்வெண்கள் 96 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் என்று கணக்கிடலாம். காதால் எண்ண முடியாத வேகத்தை, காதால் எண்ணக்கூடிய சிறு வேறுபாட்டின் வழியே அளக்கும் முறை இது.

1819இல் பிரான்சின் கன்யார் த லா தூர் சுழலும் துளைத்தட்டின் வழியே காற்றைச் செலுத்தி ஒலி எழுப்பும் சைரன் கருவியை அமைத்தார். துளைகளின் எண்ணிக்கையை ஒரு நொடியின் சுழற்சி எண்ணிக்கையால் பெருக்கினால் அதிர்வெண் கிடைத்துவிடும்.

விம்மல் முறையை மிகத் துல்லியமாக வளர்த்தவர் ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரத்துப் பட்டு வணிகர் யோகான் ஹைன்ரிக் ஷைப்ளர். 1834இல் அவர் தம் சுரமானி பற்றிய நூலை வெளியிட்டார். அதில் 220 முதல் 440 ஹெர்ட்ஸ் வரை, அடுத்தடுத்த கவைகள் நொடிக்கு 4 விம்மல்கள் தருமாறு 56 இசைக்கவைகள் வரிசையாக இருந்தன. தெரியாத ஒரு சுரத்தை இவ்வரிசையோடு ஒப்பிட்டு, விம்மல்களை எண்ணினால் அதன் அதிர்வெண் தெரியும். பட்டு வணிகர் ஒருவர் மாலை வேளைகளின் ஆர்வத்தால் உருவாக்கியது என்று தோன்றினாலும், அன்றைய அறிவியல் உலகில் இதற்கு இணையான துல்லியம் அரிது.

கலந்த ஒலியைப் பிரித்தல்

மெர்சென் காலத்திலேயே வேறொரு சிக்கல் தெரிந்திருந்தது. ஒரு கம்பியை மீட்டும்போது ஒரு சுரம் மட்டும் எழுவதில்லை. அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 2, 3, 4, 5 மடங்கு அதிர்வெண்களும் மெல்லிதாக எழுகின்றன. இவை மேற்சுரங்கள் எனப்படும். ஒரே சுரத்தை வீணையும் புல்லாங்குழலும் வேறுவேறாக ஒலிப்பதற்கு மேற்சுரங்களின் அளவு வேறுபடுவதும் ஒரு முக்கியக் காரணம்.

கலவையைப் பிரிக்கும் கணிதம் இசையிலிருந்து வரவில்லை, வெப்பவியலிலிருந்து வந்தது. ஜோசப் ஃபூரியே திடப்பொருளில் வெப்பம் பரவுவதை ஆராய்ந்து 1807இல் பாரிஸ் அறிவியல் நிறுவனத்துக்கு ஆய்வுரை அளித்தார். எவ்வளவு சிக்கலான அலையையும் எளிய சைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்பதே அதன் கருத்து. மூத்த கணித அறிஞர் லக்ராஞ்ச் இதை ஏற்கவில்லை. 1822இல்தான் ஃபூரியேயின் முழு நூல் வெளிவந்தது.

மின்னியலில் ஓம் விதியால் புகழ்பெற்ற கேயோர்க் ஓம் 1843இல் இக்கருத்தைக் காதுக்குப் பொருத்தினார். காதும் கலவை ஒலியை எளிய அலைகளாகப் பிரித்தே கேட்கிறது என்றார் அவர். ஹெர்மன் ஃபொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட இசை ஒலியுணர்வு பற்றிய நூலில் இதைச் சோதனைகளால் வலுப்படுத்தினார். ஒவ்வொரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மட்டும் ஒத்ததிரும் உள்ளீடற்ற உருண்டைகளை அவர் பயன்படுத்தினார். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் பொருத்திக் கேட்டால், கலவையில் எந்த மேற்சுரம் எவ்வளவு இருக்கிறது என்று அறியலாம். இதை மின்சாரமில்லாத அதிர்வெண் பகுப்பாய்வுக் கருவி எனலாம்.

சீபெக் எழுப்பிய கேள்வி

ஓமின் கருத்தை ஆகஸ்ட் சீபெக் என்ற இயற்பியலாளர் மறுத்தார். சைரனில் துளைகளை மாற்றியமைத்து, அடிப்படை அதிர்வெண் மிக மெலிந்திருக்கும் ஒலியை அவர் உருவாக்கினார். ஆயினும் கேட்பவருக்கு அந்த அடிப்படைச் சுரமே தெளிவாகக் கேட்டது. கணக்கில் ஏறக்குறைய இல்லாத ஒன்று காதில் எப்படிக் கேட்கும் என்பது அவர் கேள்வி. ஓம் இதைக் காதின் மயக்கம் என்றார். ஹெல்ம்ஹோல்ட்ஸும் ஓமின் பக்கம் நின்றதால் சீபெக்கின் கருத்து நெடுங்காலம் ஒதுங்கிக் கிடந்தது. 1940 அளவில் நெதர்லாந்தின் ஷவுட்டன் செய்த ஆய்வுகளுக்குப் பிறகே அதற்கு மீண்டும் மதிப்பு வந்தது.

400, 600, 800 ஹெர்ட்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒலித்தால் காது 200 ஹெர்ட்ஸ் சுரத்தையே உணர்கிறது. அம்மூன்றும் 200இன் மடங்குகள் என்பதே காரணம். அதாவது, காது வலிமை மிக்க கூறைத் தேர்ந்தெடுப்பதில்லை. கூறுகள் அனைத்தும் சேர்ந்து எந்த இடைவெளியில் தம்மைத் திரும்பச் சொல்கின்றன என்பதையே பிடித்துக்கொள்கிறது. செயலி எழுதத் தொடங்கும் மாணவர் பெரும்பாலும் ஓமின் வழியிலேயே முதலில் செல்கிறார். வரைபடத்தில் மிக உயர்ந்த முகட்டைச் சுரம் என்று கொள்கிறார். பிறகு சீபெக்கின் கேள்வியில் வந்து நிற்கிறார்.

எது சரியான சுருதி?

அளக்கத் தெரிந்த பிறகு, எதை அளவுகோலாகக் கொள்வது என்ற கேள்வி எழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய இசையரங்குகளில் சுருதி படிப்படியாக ஏறி வந்தது. ஏற்றிய சுருதியில் வாத்தியங்கள் பளிச்சென்று ஒலித்தன. ஆனால் பாடகர்களின் தொண்டைக்கு அது பெரும் சுமையாயிற்று. 1859இல் பிரெஞ்சு அரசு ‘ஏ’ சுரத்தை 435 ஹெர்ட்ஸ் என்று சட்டத்தால் நிர்ணயித்தது. 1939இல் லண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு 440 ஹெர்ட்ஸைப் பரிந்துரைத்தது. அதற்கு முன் பிரிட்டனில் 439 வழக்கில் இருந்தது. அன்று வானொலியில் ஒலிபரப்பிய சுருதி, நொடிக்கு பத்து லட்சம் முறை அதிரும் படிகத்திலிருந்து வகுத்தும் பெருக்கியும் பெறப்பட்டது. 1000 ஹெர்ட்ஸை 11ஆல் பெருக்கி 25ஆல் வகுத்தால் 440 கிடைக்கும். 439 பகா எண் என்பதால் இவ்வாறு எளிதில் பெற இயலாது. பின்னர் 440 பன்னாட்டுத் தர நிர்ணயமாகவும் ஆயிற்று. இன்று பெரும்பாலான செயலிகள் இதையே தொடக்க அளவாகக் கொள்கின்றன.

இரு சுரங்களின் தொலைவை அளக்கும் சென்ட் என்ற அலகை 1885இல் முன்வைத்தவர் ஆங்கிலேய அறிஞர் அலெக்சாண்டர் எல்லிஸ். ஹெல்ம்ஹோல்ட்ஸின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் இவரே. ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்றும், சமமாகப் பகுத்த அரைச்சுரம் ஒவ்வொன்றையும் 100 சென்ட் என்றும் அவர் கொண்டார். செயலியில் முள்ளின் இருபுறமும் தெரியும் எண்கள் இவைதாம். எல்லிஸுக்கு நுட்பமான இசைச் செவி இல்லை. பியானோ வல்லுநர் ஆல்ஃபிரெட் ஹிப்கின்ஸின் செவியைத் துணையாகக் கொண்டு பல நாட்டு இசைக்கருவிகளை அளந்தார். உலகின் இசைமுறைகள் ஒன்றல்ல, பல என்பதே அவருடைய முடிவு. சோவேர், எல்லிஸ் ஆகிய இருவரும் தம் காதை மட்டும் நம்ப முடியாதவர்கள் என்பதும், அவர்களே அளவைக்கு வழி வகுத்தவர்கள் என்பதும் கருதத்தக்கது.

மின்னணுக் கருவிகளும் கணினியும்

1936இல் அமெரிக்காவின் கான் நிறுவனம் ஸ்ட்ரோபோகான் என்னும் கருவியை வெளியிட்டது. கோடுகள் வரைந்த வட்டத்தட்டு ஒன்று குறித்த வேகத்தில் சுழலும். ஒலிவாங்கியில் விழும் சுரத்தின் வேகத்தில் ஒரு விளக்கு மின்னி அணையும். இரண்டும் பொருந்தினால் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தோன்றும். பொருந்தாவிட்டால் இடமோ வலமோ நகரும். சோவேர் காதால் எண்ணிய விம்மலை இக்கருவி கண்ணுக்குக் காட்டியது. 1970களில் முள் காட்டும் கையடக்கக் கருவிகள் பரவின.

கணினியில் ஃபூரியே முறையைப் பயன்படுத்துவதற்கு அதன் கணக்கீட்டுச் சுமை தடையாக இருந்தது. 1024 மாதிரிகளைப் பகுக்க, நேரடி முறையில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பெருக்கல்கள் தேவை. 1965இல் ஜேம்ஸ் கூலி, ஜான் டூக்கி ஆகிய இருவரும் வெளியிட்ட விரைவு ஃபூரியே உருமாற்றம் இதைச் சுமார் 10 ஆயிரம் என்ற அளவுக்குக் குறைத்தது. இதன் தூண்டுதலும் இசை அன்று. நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகளை நிலஅதிர்வுப் பதிவுகளிலிருந்து கண்டறிவது அன்றைய தேவை. இயற்பியலாளர் ரிச்சர்ட் கார்வின் இதன் பயனை உணர்ந்து இருவரையும் இணைத்தார். இதே வழியைக் கவுஸ் 1805 அளவிலேயே சிறுகோள்களின் பாதையைக் கணக்கிடும்போது கண்டிருந்தார் என்பது பின்னர் தெரியவந்தது. அவருடைய குறிப்பு அவர் மறைவுக்குப் பின்னரே அச்சேறியது.

செயலி எழுதுவோர் சந்திக்கும் சிக்கல்கள்

கைப்பேசி பொதுவாக நொடிக்கு 44,100 முறை ஒலியின் அளவை மாதிரி எடுக்கிறது. அதில் 4096 மாதிரிகளை எடுத்து ஃபூரியே உருமாற்றம் செய்தால், விடைகள் 10.8 ஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்த கட்டங்களாகவே கிடைக்கும். கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 82.4 ஹெர்ட்ஸ். அடுத்த அரைச்சுரம் 87.3 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் இடையே 5 ஹெர்ட்ஸ்கூட இல்லை. ஆகவே இரு சுரங்களும் ஒரே கட்டத்தில் விழக்கூடும். கட்டத்தின் அகலத்தை 1 ஹெர்ட்ஸாகக் குறைக்க வேண்டுமானால் ஒரு நொடி முழுவதும் ஒலியைக் கேட்க வேண்டும். அதற்குள் கம்பியின் ஒலி தேய்ந்துவிடும், முறுக்காணியைத் திருப்புபவரும் பொறுமை இழப்பார். நேரத்தைக் குறைத்தால் அதிர்வெண் மங்கும். அதிர்வெண்ணைக் கூர்மையாக்கினால் நேரம் கூடும். நிரலில் உள்ள குறை இதற்குக் காரணமன்று, அலையின் இயல்பே அது. முகட்டின் இருபுறக் கட்டங்களையும் சேர்த்துக் கணக்கிட்டு, உண்மையான முகட்டை மதிப்பிடும் வழிகள் ஓரளவு உதவும்.

சீபெக்கின் கேள்விக்கு விடையாக அமைந்தது தன்னொப்பீட்டு முறை. அலையின் ஒரு படியை எடுத்துச் சற்றே நகர்த்தி, மூல அலையோடு ஒப்பிட வேண்டும். எத்தனை மாதிரிகள் நகர்த்தினால் இரண்டும் மீண்டும் பொருந்துகின்றனவோ அதுவே அலைவுக்காலம். 82.4 ஹெர்ட்ஸ் சுரம் சுமார் 535 மாதிரிகளுக்கு ஒருமுறை பொருந்தும். அடிப்படைக் கூறு மெலிந்திருந்தாலும் இப்பொருத்தம் மாறாது. ஆனால் இருமடங்கு நகர்த்தினாலும் அலை பொருந்தும் என்பதால், செயலி ஒரு ஸ்தாயி கீழே காட்டிவிடும் பிழை இதில் நேரும். உயர்ந்த சுரங்களில் வேறொரு பிழை உண்டு. 330 ஹெர்ட்ஸ் அருகே ஒரே ஒரு மாதிரி மாறினால் விடை 13 சென்ட் அளவு மாறும். 2002இல் அலென் த ஷெவிஞே, ஹிடெக்கி கவஹாரா ஆகியோர் வெளியிட்ட யின் என்னும் முறை, பொருத்தத்துக்குப் பதிலாக வேறுபாட்டை அளந்து, அதைச் சராசரியால் சீர்செய்து இப்பிழைகளைப் பெரிதும் குறைத்தது. இன்றும் பலர் கற்கத் தொடங்கும் முறை இதுவே.

பியானோ மற்றொரு பாடம் தருகிறது. அதன் எஃகுக் கம்பிகள் விறைப்பானவை. அதனால் மேற்சுரங்கள் சரியான மடங்கைவிடச் சற்றே உயர்ந்து ஒலிக்கின்றன. எனவே பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்கள் ஸ்தாயிகளைச் சிறிது அகட்டி வைக்கின்றனர். 1938இல் ரெயில்ஸ்பேக் இதை அளந்து காட்டினார். கணக்குப்படி ‘சரி’யான எண்ணில் நிறுத்திய பியானோ, காதுக்குச் சரியாகக் கேட்பதில்லை.

கர்நாடக இசையும் செயலியும்

தமிழகத்தில் சுருதி ஆராய்ச்சிக்கு நெடிய மரபு உண்டு. இணை, கிளை, பகை, நட்பு என்று நரம்புகளின் உறவைப் பழந்தமிழ் இசைமரபு வகுத்தது. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் நூலில், ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதிகள் என்ற கருத்தை மறுத்து 24 சுருதிகளைக் கணக்கிட்டுக் காட்டினார். விபுலானந்த அடிகளின் யாழ் நூல் 1947இல் வெளிவந்தது.

இயற்பியல் வழியில் சி. வி. ராமன் ஆராய்ந்தார். தோற்கருவிகளின் மேற்சுரங்கள் பொதுவாக முழு மடங்குகளாக அமையாததால் தெளிவான சுரம் கேட்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் உள்ள கரும்பூச்சு, மேற்சுரங்களை ஏறத்தாழ முழு மடங்குகளாக ஆக்குகிறது என்று 1920இல் சிவகாளி குமாருடன் இணைந்து எழுதினார். தம்புரா, வீணை ஆகியவற்றின் குதிரையமைப்பு மேற்சுரங்களை வளப்படுத்துவதையும் 1921இல் விளக்கினார். தம்புராவில் மேற்சுரங்கள் ஓங்கி நிற்பதால், மிக உயர்ந்த முகட்டை மட்டும் நம்பும் செயலி அங்கே எளிதில் ஏமாறும்.

அளவுகோலும் இங்கே வேறு. கர்நாடக இசையில் ஆதார சட்ஜம் பாடகருக்கேற்ப மாறும். ஒரு கட்டை என்பது ‘சி’ சுரம், ஐந்து கட்டை என்பது ‘ஜி’ சுரம். தம்புராவின் மேற்சுரங்களோடு முழுதும் இழையும் அந்தர காந்தாரம் சட்ஜத்திலிருந்து 386 சென்ட். பியானோவின் சமப்பகுப்பு முறையில் அது 400 சென்ட். மாணவி ஒருவர் காந்தாரத்தைத் தம்புராவோடு இழையப் பாடினால், மேற்கத்திய அளவில் அமைந்த செயலி ‘14 சென்ட் குறைவு’ என்று காட்டும். பிழை மாணவியினுடையதன்று, ஒப்பிடும் அட்டவணையினுடையது. கமகங்களில் சுரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை என்பதால் ஒற்றை எண் அங்கே பொருளற்றது.

வரலாறு காட்டுவது

அதிர்வுகளை எண்ணும் வேலையைக் கம்பி, கவை, சுழலும் தட்டு, கணினி என ஒவ்வொன்றாகக் காதிடமிருந்து பெற்றுக்கொண்டன. இதனால் விளைந்த நன்மை பெரிது. தேர்ந்த செவி வாய்க்காதவரும், அருகில் ஆசிரியர் இல்லாதவரும் இன்று தம் கருவிக்குச் சுருதி சேர்த்துக்கொள்ள முடிகிறது. ஆனால் எந்த அளவுகோலோடு ஒப்பிடுவது என்ற முடிவை எந்தக் கருவியும் தானாக எடுக்கவில்லை. 435, 440, சமப்பகுப்பு, 24 சுருதி ஆகிய அனைத்தும் மனிதர் கூடிப் பேசியும் வாதிட்டும் எடுத்தவை. செயலி எழுதக் கற்பவர் ஃபூரியேயின் கணிதத்தோடு, யாருடைய இசைக்கு அச்செயலி என்பதையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். முடிவில் இரு கம்பிகளைச் சேர்த்து மீட்டி, விம்மல் அடங்குகிறதா என்று காதால் கேட்பதே நம்பகமான சோதனை. சோவேர் காலத்திலும் அதுவே சோதனை, இன்றும் அதுவே.